தீனியைப் பறித்துவிட்டு மாட்டைக் குறை சொல்லாதே!

விவசாயிகளே! நாலு மாடு வைத்துக் குடும்பத்தை ஓட்டும் எளிய மக்களே!

கட்டுத்தறிக்கு வருகிற அதிகாரிகள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். "உங்க மாட்டுக்கு உற்பத்தித் திறன் பத்தாது. தின்கிற தீனிக்குத் தக்க பாலும் இல்லை, வருஷத்துக்கு ஒரு கன்றும் இல்லை. மாட்டை மாத்துங்க." நாங்கள் கேட்கிறோம்: தீனித்தொட்டியில் என்ன கிடக்கிறது என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்தீர்களா?

மாட்டுத் தீவன ஆராய்ச்சி நமக்கு எதிரி இல்லை. சொல்லப்போனால் அது நம் பக்கம்தான் பேசுகிறது. அதில் பாதியை மட்டும் நம்மிடம் சொல்லி, மீதியை மறைப்பதுதான் மோசடி. அந்த மீதியை இங்கே சொல்கிறோம்.

கறிக்காக மந்தை மந்தையாய் மாடு வளர்க்கும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தீனியை நிறுத்துப் போட்டு, மாட்டையும் நிறுத்துப் பார்த்துப் பல காலமாய்க் கணக்கெடுத்து வருகிறார்கள். ஒரு மந்தை தின்பதில் பெரும்பகுதி தாய்மாடுகள் உயிரோடு நிற்பதற்கே போய்விடுகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. மூச்சுவிட, நடக்க, உடம்புச் சூட்டைக் காக்க. அதற்கு மேல் மிஞ்சுவதுதான் பாலாகும், கன்றாகும், சதையாகும். நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். 300 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு, ஈரத்தைக் கழித்து, நாளுக்கு 7 முதல் 9 கிலோ தீனி வேண்டும். பாதி போட்டால் பாதிப் பால் வருமா? வராது. பாதித் தீனியில் மாடு உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். போட்டது அத்தனையும் செலவு, வரவு சைபர்.

வயிறு காய்ந்த மாடு பருவத்துக்கும் வராது. ஒரு பருவம் தவறினால் அடுத்தது 21 நாள் கழித்து. மூன்று தவறினால் இரண்டு மாதத்துக்கு மேல் சும்மா தீனி போடுகிறோம். சினை ஊசி போட்டவர் மேல் கோபம், மாட்டின் மேல் கோபம், கடைசியில் நம் தலையெழுத்தின் மேல் கோபம். ஆனால் பல மாடுகளில் குறை பாஸ்பரஸிலும் தாமிரத்திலும் துத்தநாகத்திலும் இருக்கிறது. மண்ணில் இல்லாதது புல்லில் இல்லை, புல்லில் இல்லாதது மாட்டில் இல்லை. நாளுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை தேவை. வட்டாரத்து மண்ணைப் பார்த்து அதற்கேற்ற கலவை செய்ய முடியும் என்பதும் ஆராய்ச்சி சொன்னதுதான். நம் கால்நடை மருந்தகத்தில் கேட்டால், "ஸ்டாக் இல்லைங்க".

சொசைட்டியில் நடப்பது இன்னொரு கூத்து. கொழுப்பு குறைந்தால் "தண்ணி கலந்தியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்கிறார்கள். பெண்கள் தலைகுனிந்து வருகிறார்கள். கேளுங்கய்யா! பால் கொழுப்புக்கு மூலம் நார்த்தீனி. சோளத்தட்டும் புல்லும் வைக்கோலும் மாட்டின் பெருவயிற்றில் ஊறிப் புளித்தால்தான் கொழுப்பு ஊறும். நார் குறைந்து மூட்டைத் தீவனம் மட்டும் ஏறினால் கொழுப்பு இறங்கும். மொத்தத் தீனியே குறைந்தால் எஸ்.என்.எப்.பும் இறங்கும். இது கால்நடை மருத்துவக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிற பாடம். சொசைட்டிக்கு மட்டும் தெரியாதா?

அந்த மூட்டைத் தீவனத்துக்கும் ஒரு அளவுகோல் உண்டு. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2052 படி, முதல் வகையில் குறைந்தது 22 சதம், இரண்டாம் வகையில் 20 சதம் புரதம் இருக்க வேண்டும். மூட்டைக்குள் அது இருக்கிறதா என்று நம் ஒன்றியத்தில் எடுத்துப் பார்த்துச் சொல்ல ஆள் உண்டா?

வைக்கோலுக்கு வருவோம். நம் கண் முன்னால் லாரி லாரியாய்க் கேரளாவுக்குப் போகிறது. இருக்கிற வைக்கோலிலும் புரதம் 3, 4 சதம்தான். வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்க 7 சதமாவது வேண்டும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50, 60 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மிதித்து அடுக்கி, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு 21 நாள் மூடினால் அந்த அளவைத் தொட்டுவிடும். பிரித்து ஆறவிட்டுத்தான் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது. யூரியாவை நேரடியாக மாடு நக்கினால் செத்துப்போகும், ஜாக்கிரதை. 266 ரூபாய் 50 காசு விலையுள்ள 45 கிலோ மூட்டையில் 4 கிலோவுக்கு ஆகிற செலவு 24 ரூபாய்! நாற்பது வருஷமாய்த் தெரிந்த இந்த வேலையை எத்தனை ஊரில் செய்து காட்டினார்கள்? இதில் கம்பெனிக்கு லாபம் இல்லை, அதனால் யாரும் வரவில்லை.

எந்தப் பல்கலைக்கழகமும் வருவதற்கு முன்னால் நம் பாட்டன்மார் செய்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடு! சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரம். கோடையில் புல் காய்ந்தால் வெள்வேலங்காய் மாட்டைக் காப்பாற்றும். காங்கேயம் மாடு உருவானதே இந்த மேய்ச்சலில்தான். சொந்தக் கொறங்காடு இல்லாதவனுக்கு ஊர் மேய்ச்சல் புறம்போக்கு இருந்தது. அது இன்று எங்கே? யார் யார் வேலி போட்டிருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும், தாலுகா ஆபீசுக்கு மட்டும் தெரியாது. ஊர்ப் பொதுநிலத்தை மீட்டு ஊருக்கே ஒப்படைக்கத் திட்டம் போடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில், ஜக்பால் சிங் வழக்கில் உத்தரவிட்டது. நம் ஊரில் ஒரு கல் பெயர்ந்ததா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மந்தையின் திறன் என்பது எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்பதில்தான் இருக்கிறது. பால் மறந்த கிழமாடு தின்கிற தீனி, கறவை மாட்டின் வாயிலிருந்து பிடுங்கிப் போடுவது. நமக்கும் மனசு கஷ்டம்தான், பேர் வைத்துக் கூப்பிட்ட மாடு அது. ஆனால் அதை விற்ற காசில்தான் அடுத்த கிடாரி வருகிறது. 2017 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த சந்தை விதிகள் இந்தச் சக்கரத்தை நிறுத்தப் பார்த்தன. மதுரைக் கிளை தடை கொடுத்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்க நீட்டித்தது. ஆனாலும் சந்தைக்குப் போகிற வண்டியை மறிக்கிறவன் மறித்துக்கொண்டுதான் இருக்கிறான். ஒரு வாயால் திறன் என்கிறார்கள், மறு வாயால் விற்காதே என்கிறார்கள். என்னய்யா நியாயம் இது?

மேய்ச்சல் புறம்போக்கை அளந்து கல் நட வேண்டும். வட்டாரத்துக்கேற்ற தாது உப்பு எல்லா மருந்தகத்திலும் இருக்க வேண்டும். தீவன மூட்டையைச் சோதிக்க ஒன்றியத்துக்கு ஓர் இடம் வேண்டும். வைக்கோல் பதப்படுத்துவதை ஊர் ஊராய்ச் செய்து காட்ட வேண்டும். நம் மாட்டை நாம் விற்கும் உரிமையில் யாரும் கை வைக்கக் கூடாது. இதைக் கிராம சபையில் தீர்மானமாய்ப் போடுவோம். அந்தத் தீர்மானத்தோடு கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்குக் கிளம்புவோம்.

வெறுங்கையோடு வராதீர்கள். சொசைட்டி பால் சீட்டு, தீவன மூட்டையில் தைத்திருக்கும் லேபிள், சினை ஊசி போட்ட ரசீது, மூன்றையும் எடுத்து வாருங்கள். பால் ஊற்றுவது பெண்கள், அதனால் பெண்கள் முன்வரிசையில் நில்லுங்கள். நடக்கத் தெம்புள்ள மாட்டையும் ஓட்டி வாருங்கள், அதன் விலா எலும்பை அதிகாரிகளே எண்ணிப் பார்க்கட்டும்!