அம்பின்மீது எவர் பெயர்?

அண்மையில் ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்குச் சென்றிருந்தோம். விருந்து முடிந்தபின், முன்னர் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் தம் கைபேசியை நீட்டி, "பாருங்கள் ஹஜ்ரத்" என்றார். பார்த்தோம். கொள்ளிடப் படுகையில் நாணற்புதர் மறைவில் நான்கு இளைஞர்கள். பறவைகள் எப்பொழுது வருகின்றன, எங்கே இறங்குகின்றன என்று மூன்று நாள் வேவு பார்த்தார்களாம். சக்கரம் பூட்டிய புதுவகை வில்லிலிருந்து அம்பு பாய்ந்தது. கொக்கு ஒன்று நீரில் விழுந்தது. அது துடித்து அடங்கும் வரையில் படக்கருவி அதனையே நோக்கி நின்றது. கத்தியோடு ஓடியவர் எவருமில்லை.

நம் முகம் சுளித்ததைக் கண்ட மாணவர், "பிஸ்மி சொல்லித்தானே எய்தோம் ஹஜ்ரத்! வேட்டை ஹலால்தானே?" என்றார். அவ்வினாவுக்கு அங்கே சொன்ன மறுமொழியை நம் சமுதாயத்தார் அனைவர்க்கும் சொல்ல வேண்டிய கடமை நமக்குண்டு.

வேட்டையை மார்க்கம் தடுக்கவில்லை. அதனை நாமும் மறுக்கவில்லை. அதிய்யு இப்னு ஹாதிம் (ரலி) வேட்டை குறித்து வினவியபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் தெளிவாக விடையளித்தார்கள். அம்பின் முனை துளைத்தால் உண்ணலாம். குறுக்காக மோதிக் கொன்றால் உண்ணலாகாது. நீரில் மூழ்கி இறந்து கிடந்தாலும் உண்ணலாகாது. கொன்றது அம்பா, நீரா என்பது வேடனுக்குத் தெரியாதன்றோ! அடிபட்ட பிராணி உயிரோடு கைக்கு எட்டுமாயின் விரைந்து அறுக்க வேண்டும். வாய்ப்பிருந்தும் சாகவிட்டால் அது செத்த பிராணியே என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. இப்பொழுது அந்தப் படத்தை மீண்டும் பாருங்கள். நீரில் விழுந்தது, அறுக்க வேண்டிய கை படம் பிடித்துக் கொண்டிருந்தது. பிஸ்மியைக் கேடயமாக்கியவர் பிஸ்மியின் சட்டத்தையே மீறினார்!

இது முதற்குற்றம். இரண்டாவது, உடன்படிக்கையை முறித்த குற்றம். ஸூரத்துல் மாயிதாவின் முதல் வசனத்தை நாளும் ஓதுகிறோம். உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்று தொடங்கும் இறைவன், அதே வசனத்தில் இஹ்ராம் நிலையில் வேட்டை கூடாதென்கிறான். வாக்குறுதியையும் வேட்டையையும் ஒரே வசனத்தில் வைத்தது வீணோ? இந்நாட்டில் வாழும் நாம் இந்நாட்டின் சட்டத்துக்கு உடன்பட்டு வாழ்கிறோம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துள்ளது. கொல்வது மட்டுமன்று, கண்ணி வைப்பதும் கொல்ல முயல்வதும் அச்சட்டத்தில் வேட்டையே. கொக்கும் அதன் பாதுகாப்புக்குள் அடங்கும். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

அரியலூர் மாவட்டத்தார்க்கு இது தொலைதூரச் செய்தியன்று. கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாயிற்று; 2024இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகப் புகழும் எய்தியது. இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் அங்கே வருகின்றன. நெடும்பயணம் செய்துவரும் முஸாஃபிரை வாசலில் வைத்து அடிப்பது எந்த மார்க்கத்தின் விருந்தோம்பல்?

"அமெரிக்காவில் பொதுநிலத்திலேயே வில்வேட்டை ஆடிப் படமும் எடுக்கிறார்களே" என்பர் சிலர். அங்கே உரிமச்சீட்டு உண்டு, பருவம் உண்டு, எத்தனை கொல்லலாம் என்ற வரம்பு உண்டு. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது பெறும் வரி காட்டுயிர்க் காப்புக்கே செல்கிறது. 1972இல் வில் அம்புக்கும் அவ்வரி வந்தது. படத்தைப் பார்த்த நம் பிள்ளைகள் வில்லை மட்டும் கடன் வாங்கினர், வரம்பை வாங்கவில்லை.

மூன்றாவது குற்றமே பெருங்குற்றம். அது ரியா, அதாவது பிறர் காணவேண்டுமென்று செய்யும் செயல். அதே மாயிதா ஸூராவில், கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு இறைவன் சோதிப்பதாகக் கூறுகிறான். எதற்காக? மறைவிலும் தன்னை அஞ்சுவோர் யார் எனப் பிரித்தறியவே. எவரும் காணாத இடத்தில், கைக்கெட்டும் உயிரைக் கொல்லாமல் விடுவது ஈமானின் அடையாளம். எல்லாரும் காணவேண்டுமென்றே கொல்வது எதன் அடையாளம்? நாவில் அல்லாஹ்வின் பெயர். நெஞ்சிலோ விருப்பக்குறிகளின் எண்ணிக்கை! உயிருள்ளதை எய்து பழகும் இலக்காக்குவோரைப் பெருமானார் (ஸல்) சபித்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். பறவையைக் காட்சிப் பொருளாக்கிக் கொல்வோர் அச்சாபத்திலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கின்றனர்?

நம் முன்னோர் வேட்டையை எவ்வாறு பாடினர்? உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணைநின்ற படலம் உண்டு. வேடன் கட்டிவைத்த பிணைமான், குட்டிக்குப் பாலூட்டித் திரும்ப விடை கேட்கிறது. அண்ணலார் தாமே பிணை நிற்கிறார்கள். மான் சொன்னபடி குட்டியோடு திரும்புகிறது. வேடன் உள்ளம் நெகிழ்ந்து இஸ்லாத்தைத் தழுவுகிறான். இந்நிகழ்ச்சியின் அறிவிப்புத் தொடர் பற்றி ஹதீஸ் கலை வல்லுநர் மாறுபடுவர். ஆயினும் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் நம் பாட்டிமார் இக்கதையைச் சொல்லியே பிள்ளைகளுக்கு இரக்கம் ஊட்டினர். அம்மான் வாக்குத் தவறவில்லை. மனிதராகிய நாம் தவறலாமா?

பெற்றோர்களே! மகன் வில் வாங்கப் பணம் கேட்டால், எதற்கென்று கேளுங்கள். இலக்குப் பலகையில் எய்து பழகட்டும். அம்பெய்தல் நம் நபி (ஸல்) ஊக்கிய கலை. படமெடுக்க ஆசையா? கரைவெட்டிக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூன்று நாள் வேவு பார்க்கும் பொறுமை அவனிடம் இருக்கிறதே! அப்பொறுமையால் உயிரோடு பறக்கும் பறவையைப் படமெடுக்கட்டும்.

அந்த மாணவர் தம் படத்தை நம் முன்னிலையிலேயே அழித்தார். கைபேசியிலிருந்து அழிந்தது, ஏட்டிலிருந்து அழிக்கத் தவ்பா வேண்டும் என்றோம். தலைகுனிந்து நின்றார். அல்லாஹ் அவருக்கும் நமக்கும் நல்லுணர்வு தருவானாக! ஆமீன்.