கப்பல் உலாவும் சலுகை விலையும்

விடுமுறையில் கப்பல் உலா செல்ல விரும்பும் சங்க அன்பர்கள் சிலர், நாள்தோறும் கைப்பேசியில் வரும் சலுகை அறிவிப்புகளுள் எதனை நம்புவது என்று நம்மிடம் வினவினர். மூணாற்றிலும் பீர்மேட்டிலும் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த பெற்றோரை ஒரு முறையேனும் கடலில் அழைத்துச் செல்ல வேண்டுமென்னும் பிள்ளைகளின் ஆவல் போற்றத்தக்கது. ஆயின் அதற்கென எடுத்து வைக்கும் பணம் பெரும்பாலும் போனஸாகவோ பணிக்கொடையாகவோ வந்த பணமாகும். அதனை வீணாக்காமல் செலவிடும் வழியை இம்மாதம் ஆராய்வோம்.

முதலில் அறிய வேண்டியது கட்டண முறை. நிலையச் சாளரத்தில் வாங்கும் இரயில் சீட்டில் அச்சிட்ட தொகையே நாம் கொடுக்கும் முழுத் தொகை. கப்பல் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணும் தொகையோ பெரும்பாலும் அடிப்படைக் கட்டணம் மட்டுமே. இருவர் ஓர் அறையில் தங்குவதாகக் கொண்டு தலைக்கு இவ்வளவு என்று அதனைக் கணக்கிடுவர். துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. வரி ஆகியவை அதன் மேல் ஏறும். தனியாகச் செல்பவர் ஓர் அறைக்குரிய கூடுதல் தொகையையும் கொடுக்க நேரிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு முகவர் தலைக்கு 20,000 ரூபாய் என்றும், இரண்டாமவருக்குப் பாதிக் கட்டணம் என்றும் கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிற கட்டணங்கள் தலைக்கு 6,000 ரூபாய். தம்பதியர் இருவருக்கும் ஆகும் செலவு 42,000 ரூபாய். மற்றொருவர் சலுகை எதனையும் கூறாமல், யாவும் உட்படத் தலைக்கு 19,000 ரூபாய் என்கிறார். அங்கே செலவு 38,000 ரூபாயே! ஆகவே, “எத்தனை விழுக்காடு தள்ளுபடி?” என்று கேளாது, “எங்கள் குடும்பத்திற்கு முடிவான தொகை யாது?” என்றே கேட்க வேண்டும்.

இனி இலவசங்களைப் பற்றி. உணவு பெரும்பாலும் கட்டணத்தில் அடங்கும்; மதுவும் இணைய வசதியும் பெரும்பாலும் அடங்கா. கப்பலில் செலவிடுவதற்கென்று வரவு வைக்கும் தொகையைக் கையில் பணமாகத் தரமாட்டார்கள். அங்கேயே செலவிட்டுத் தீர்க்க வேண்டும். மது அருந்தாத குடும்பத்திற்கு மதுச் சலுகையால் பயன் யாது? மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் கட்டணம் குறைவு என்பது மெய்யான சலுகையே. எனினும் அவர்களுக்குக் கிடைப்பது மேற்படுக்கையாக இருக்கலாம். முழங்கால் வலியுள்ள தாய்க்குக் கீழ்ப்படுக்கையையும் மின்தூக்கிக்கு அருகிலுள்ள அறையையும் முன்பே கேட்டுப் பெறுவது நன்று.

பள்ளி விடுமுறை நாட்களைத் தவிர்த்தால் கட்டணம் குறைவதுண்டு. முன்னதாகப் பதிவு செய்தவர், பின்னர் விலை இறங்கினால் தமக்கும் குறைத்துத் தருவார்களா என்று விசாரிக்க வேண்டும். நாள் நெருங்க நெருங்க, பயணத்தை ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் தொகையும் குறையும்.

துறைமுகங்களின் பட்டியலும் உறுதியானதன்று. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் கப்பல் விசாகப்பட்டினம், புதுச்சேரி என்னும் ஊர்களை நாடிப் புறப்பட்டது. புதுச்சேரி அரசின் அனுமதி கிட்டாமையால் பயணிகள் அங்கே கரையிறங்க இயலவில்லை. ஒரு துறைமுகம் தவறினால் எத்தொகை திரும்பும் என்பதை எழுத்தில் பெறுவது இதனால் அவசியமாகிறது.

பல நாள் உலாவுக்குப் பணம் போதாதோர் மனம் தளர வேண்டா. கேரள அரசின் கப்பல் மற்றும் உள்நாட்டு நீர்வழிக் கழகம் 2018இல் கொச்சியில் இறக்கிய ‘நெஃபர்டிட்டி’ 200 பேர் செல்லத்தக்க மூன்று அடுக்குக் கப்பல். உணவும் ஆடல் பாடலும் உட்பட அரபிக்கடலில் சில மணி நேர உலாவாக அது அமைந்தது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சிக்கனச் சுற்றுலாப் பிரிவு, பேருந்துப் பயணத்தையும் கப்பற் பயணத்தையும் இணைத்து அதற்குத் திட்டங்கள் வகுத்துள்ளது. பாலக்காட்டு அன்பர்கள் தம் டிப்போவில் விசாரிக்கலாம். இரயில் பாதை இல்லாத இடுக்கி மாவட்டத்தினருக்கு இவ்வேற்பாடு மிகவும் உதவும். கொச்சி வரை செல்லும் வண்டிச் செலவும் உலாச் செலவே என்பதை மறத்தலாகாது. அங்கே 2023 ஏப்ரலில் தொடங்கிய நீர் மெட்ரோவின் குறைந்த கட்டணம் அப்போது 20 ரூபாயே. காயலின் அழகைக் கண்டு மகிழ அதுவும் ஒரு வழியன்றோ!

பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து செல்ல முன்வந்தால், குழுவுக்குரிய சலுகையைச் சங்கத்தின் வாயிலாகக் கேட்டுப் பார்க்கலாம். எவ்வாறாயினும் முடிவான தொகை, அறையின் வகை, ரத்து விதி ஆகிய மூன்றையும் எழுத்தில் பெற்ற பின்னரே முன்பணம் கொடுக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.