திரும்பினால் மட்டும் சத்தம்!

“சந்தைக்குப் போய்வரும் மின்சாரக் கார், தோட்டத்து மண்பாதையில் திரும்பும்போது மட்டும் முன்பக்கம் ‘டக், டக்’ என்கிறது. மோட்டாரில் கோளாறா?”
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

மோட்டார் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. இன்ஜின் இரைச்சல் இல்லாததால், டீசல் வண்டியில் அமுங்கிப்போகும் சத்தமும் இதில் காதில் விழும். ஆளில்லாத இடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். சக்கரம் சுழலும் வேகத்துக்கு ஏற்ப ‘டக், டக்’ வந்தால், ஆக்சில் முனையில் உள்ள ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். அதை மூடியுள்ள ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகம் வலுக்கும். கிழிந்த உடனே மாற்றினால் உறை, கிரீஸ் செலவோடு முடியும். மண் புகுந்து தேய்ந்துவிட்டால் ஆக்சிலையே மாற்ற நேரிடும்.

வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘டொக்’ என்கிறதா? ஷாக் அப்சார்பரின் மேல் பேரிங்கையும் பால் ஜாயின்ட்டையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பால் ஜாயின்ட் கழன்றால் ஸ்டியரிங் கட்டுக்குள் நிற்காது; தள்ளிப்போட வேண்டாம். ‘கரகர’வென உரசினால், பிரேக் டிஸ்க்குக்கும் அதன் தகட்டுக்கும் இடையே கல் சிக்கியிருக்கலாம்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஆரஞ்சு நிற வயர்களில் உயர் அழுத்த மின்சாரம் பாயும். அவற்றில் கை வைக்கவே கூடாது.