தேர்டு பார்ட்டி போதுமாம்!

பக்கத்து ஃபிளாட்காரர் கார் இன்சூரன்ஸைப் புதுப்பித்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னார்: "இந்தத் தடவை தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுட்டேன் சார். போலீஸ் பிடிச்சா காட்ட ஒரு பேப்பர் இருந்தா போதாதா? அஞ்சு வருஷமா ஃபுல் இன்சூரன்ஸ் கட்டினேன், ஒரு கிளெய்ம் உண்டா? எல்லாம் தண்டம்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதே மனிதர்தான் 2024 அக்டோபரில் சென்னையில் கனமழைக்கு ரெட் அலர்ட் என்று கேட்டதும் அடித்துப் பிடித்துக்கொண்டு போய் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை நிறுத்தியவர். அன்று அந்தப் பாலத்து ஓரம் முழுக்க வரிசையாகக் கார்கள் நின்றதை ஊரே பார்த்தது. தனக்கு ஒன்றும் வராது என்று நம்புகிறவருக்குப் பாலம் எதற்கு? பாலத்தில் இடம் கிடைக்காத வருஷம் என்ன செய்வார்?

தண்ணீர் வடிந்த மறுநாள் என்ன நடக்கும் என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். சீட்டெல்லாம் சேறு. மனசு கேட்காமல் சாவியைத் திருப்புவார்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும், எஞ்சின் போய்விடும். தேர்டு பார்ட்டியில் இதற்குச் சல்லிக்காசு வராது. ஃபுல் இன்சூரன்ஸ் வைத்திருந்தாலும் எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவரைச் சேர்த்திருக்கவில்லை என்றால், ஸ்டார்ட் பண்ணியதால் வந்த சேதம் என்று கிளெய்மைத் தள்ளிவிடுவார்கள். சென்னையில் கார் வைத்திருப்பவருக்கு 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் போதாதா? இன்னும் எத்தனை வெள்ளம் வர வேண்டும்?

ஐந்து வருஷமாகக் கிளெய்மே இல்லையாம். அப்படியானால் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதத்துக்கு வந்திருக்கும். சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் பாதி விலைக்குக் கிடைக்கிற நேரம் பார்த்து அதைத் தூக்கி எறிகிறார். 90 நாள் இடைவெளி விட்டால் அந்தச் சலுகையும் அடியோடு போய்விடும். இதற்குப் பெயர் சிக்கனமா?

இதையெல்லாம்விட எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. அந்தக் காரில் தினமும் அவர் மனைவியும் பிள்ளைகளும் போகிறார்கள். சட்டம் கட்டாயமாக்கிய தேர்டு பார்ட்டி, எதிரே வருகிறவருக்கானது. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் சொந்தக் குடும்பத்துக்கு அதில் பாதுகாப்பு கிடையாது. பேக்கேஜ் பாலிசி, அதாவது நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்கிறோமே, அதில்தான் உண்டு. உச்ச நீதிமன்றம் 2012-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. ஓட்டுகிற உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் தனியாகக் கட்டினால்தான் வரும். போலீஸுக்குக் காட்டும் பேப்பர் 2,000 ரூபாய் அபராதத்திலிருந்து காப்பாற்றும். பின்சீட்டுப் பிள்ளையை யார் காப்பாற்றுவது? அந்தப் பிள்ளையைப் பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவைக்க முடியுமா?

காட்ட ஒரு பேப்பர் போதும் என்கிற இந்தப் புத்தியை வளர்த்ததில் ஷோரூம்காரர்களுக்கும் ஏஜென்டுகளுக்கும் பெரும் பங்கு உண்டு. வண்டி வாங்கும்போது இங்கேதான் பாலிசி எடுக்க வேண்டும் என்று நெருக்குவார்கள். எதற்கு எவ்வளவு என்று சொல்ல மாட்டார்கள். புதுப்பிக்கும்போது பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட ஐ.டி.வி.யை, அதாவது வண்டிக்குப் போடும் காப்பீட்டு மதிப்பை, குறைப்பார்கள். வண்டி திருடு போனால் கைக்கு வருகிற தொகையே அந்த ஐ.டி.வி.தான். பம்பர் டு பம்பர் என்ற கூடுதல் கவர் இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம் நம் தலையில் விழும் என்பதையும் பில் வந்த பிறகுதான் சொல்வார்கள். அலாய் வீலும் டச் ஸ்கிரீனும் வாங்கும்போது யாரும் தண்டம் என்று முணுமுணுப்பதில்லை. ஏரியைத் தூர்த்துக் கட்டிய அடுக்குமாடியில் பேஸ்மென்ட் பார்க்கிங்குக்கு லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறவர்களுக்கு, அங்கே நிற்கிற வண்டிக்கு எஞ்சின் புரொடெக்ட் போடுவதற்கு மட்டும் கை வர மாட்டேன் என்கிறது. பேஸ்மென்டில்தான் முதலில் தண்ணீர் ஏறும்.