தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே

கடைக்குக் கம்ப்யூட்டர் தேவையா என்று நாம் வாதாடிய காலம் முடிந்துவிட்டது. தராசு, பில் மெஷின், பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி எல்லாமே இன்று கம்ப்யூட்டரின் பிள்ளைகள்தான். அவை யாருடைய கைக்கும் கண்ணுக்கும் ஏற்பச் செய்யப்பட்டவை என்பதே இனி நாம் கேட்க வேண்டியது.

எங்கள் மண்டியில் நடந்ததைச் சொல்கிறோம். பருப்பு மூட்டை நிறுக்கும் தராசைக் கம்ப்யூட்டரோடு இணைத்தோம். எடை தானே பில்லில் ஏறும், எழுத்து வேலை மிச்சம் என்றார்கள். ஆனால் தராசு இருப்பது வாசலில், லாரிக்குப் பக்கத்தில்; எடையை ஏற்றும் பொத்தானோ உள்ளறையில், கணக்கப்பிள்ளையின் மேஜையில். மூட்டையை வைத்ததும் தொழிலாளி "ஆச்சு" என்று கத்துவார், உள்ளே இவர் தட்டுவார். பதிந்ததா இல்லையா என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. சந்தேகத்தில் மறுபடி கத்துவார், இவரும் மறுபடி தட்டுவார். அப்படித்தான் ஒரு நாள் ஒரே மூட்டை பில்லில் இரண்டாக ஏறிவிட்டது. இருபது வருடமாக எங்களிடம் சரக்கு எடுக்கும் கிராமத்துக் கடைக்காரர், ஊர் போய் எண்ணிப் பார்த்துவிட்டு மறுநாள் வந்தார். சண்டை போடவில்லை. "அண்ணாச்சி, நீங்களுமா?" என்று மட்டும் கேட்டார். பணத்தை அப்போதே திருப்பிக் கொடுத்தோம். ஆனாலும் ஆறு மாதம் அவர் தன் கையாலேயே குறிப்பெழுதித்தான் சரக்கு எடுத்தார்.

விற்ற கம்பெனியைக் கேட்டால், "உங்கள் ஆட்களுக்குப் பயிற்சி போதாது" என்றார்கள். முப்பது வருடம் மனக்கணக்கில் பிசகாத மனிதருக்கா பயிற்சி போதாது? கடைசியில் தராசு ரிப்பேர் பார்க்கும் உள்ளூர்ப் பையன்தான் வழி செய்தான். தராசின் அருகிலேயே காலால் மிதிக்கும் சுவிட்ச், எடை பதிந்ததும் அடிக்க ஒரு மணி. மூட்டையை இறக்கிப் பூஜ்யம் காட்டினால்தான் அடுத்த எடையை ஏற்கும். செலவு சொற்பம்.

சில்லறைக் கடைகளில் உள்ள பேசும் பெட்டியையும் பாருங்கள். யு.பி.ஐ. வந்தது 2016-ல். அப்போது பணம் வந்ததா என்று பார்க்க, எண்ணெய்க் கையோடு செல்போனைத் தடவ வேண்டியிருந்தது. போலித் திரையைக் காட்டியவர்களிடம் சரக்கை இழந்தவர்கள் நம்மில் உண்டு. கடைக்காரரின் கை வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும் என்பதை அறிந்து செய்த கருவி அந்தப் பெட்டி. தொகையைத் தமிழிலேயே சொல்கிறது. அதற்கு மாத வாடகை கேட்கிறார்களே, அது வேறு கதை.

இதெல்லாம் நம் புலம்பல் என்று எண்ண வேண்டாம். பயன்படுத்துபவரை மையமாக வைத்தே கருவியை வடிவமைக்க வேண்டும் என்று சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 1999-லேயே ஒரு தரநிலை வெளியிட்டது. இன்று அது 9241-210 என்ற எண்ணில் இருக்கிறது. வேலை நடக்கும் இடத்தையும் ஆட்களையும் முதலில் அறிய வேண்டும், அவர்களை வைத்தே சோதித்துத் திருத்த வேண்டும் என்கிறது அது.

கருவி விற்பவர்கள் நம் சங்க மண்டபத்துக்கு வந்து ஃபேன் காற்றில் படம் காட்டிப் போகிறார்கள். இனி லோடு இறங்கும் காலை 6 மணிக்கு மண்டிக்கு வரச் சொல்ல வேண்டும். மூட்டை தூக்குபவரும் கணக்கப்பிள்ளையும் ஒரு வாரம் கையாண்டு பார்த்த பிறகே முன்பணம் என்று அடுத்த செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறோம்.