ஏட்டுப் படிப்பால் பல் ஒட்டாது

விளையாட்டுத் திடலில் இடறி விழுந்த சிறுமியின் மேல் முன்பல் வேரோடு கழன்று மண்ணில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பல் பிழைக்குமா என்பதை அடுத்த அரை மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் தீர்மானித்துவிடும். வேரைப் போர்த்தியிருக்கும் நார்த்திசுவின் செல்கள் காய்ந்து சாவதற்குள் பல்லைக் குழியில் திரும்பப் பொருத்தினால், அது பல்லாண்டு நிலைக்க வாய்ப்புண்டு. காலம் கடந்து பொருத்தினால், வேர் சிறிது சிறிதாகக் கரைந்து அவ்விடத்தை எலும்பு பிடித்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது என்ன என்பதில் குழப்பம் ஏதுமில்லை. டென்மார்க்கின் ஜென்ஸ் ஆண்ட்ரீசன் போன்றோரின் நெடுங்கால ஆய்வு இதற்கு அடித்தளமிட்டது. பல் காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-இல் தன் வழிகாட்டு நெறிகளைப் புதுப்பித்தும் தந்திருக்கிறது. வேரைத் தொடாமல் பல்லின் மேற்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கிருந்தால் பாலிலோ சலைனிலோ லேசாக அலசி உடனே குழியில் பொருத்த வேண்டும். அது முடியாதபோது பாலில் போட்டு மருத்துவரிடம் விரைய வேண்டும். தண்ணீரில் ஊறவிடக் கூடாது. மருத்துவர் அதை வளைந்து கொடுக்கும் மெல்லிய கம்பியால் அண்டைப் பற்களோடு இரண்டு வாரம் பிணைத்து வைப்பார். வேர் முழுதாக வளர்ந்த பல் என்றால், அந்த இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சையும் தொடங்க வேண்டும். விழுந்தது பால் பல் என்றால் திரும்பப் பொருத்தவே கூடாது. அடியில் உருவாகும் நிலைப்பல் கெடக்கூடும்.

இவை யாவும் பி.டி.எஸ். பாடத்தில் இருக்கின்றன. ஆனால் ஒரே காயத்தின் சிகிச்சை குழந்தைப் பல் மருத்துவம், வேர் சிகிச்சை, வாய் அறுவை என்று துறை துறையாகச் சிதறிக் கிடக்கிறது. எத்தனை பல் பிடுங்கினாய், எத்தனை அடைத்தாய், எத்தனை செட் கட்டினாய் என்று கோட்டா வைத்து எண்ணும் கல்லூரி, கழன்ற பல்லை ஒருமுறையேனும் பொருத்திப் பார்த்தாயா என்று கேட்பதில்லை. தேர்வில் கட்டுரை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது.

“அப்படிப்பட்ட கேஸ் எங்களிடம் வருவதில்லை” என்பது வழக்கமான பதில். ஓ.பி. நேரம் பார்த்தா குழந்தை விழும்? கேஸ் வராது என்பதனால்தான் பயிற்சியைக் கல்லூரியே உருவாக்க வேண்டும். மாதிரித் தாடையில் பிடுங்கிய பல்லைப் பொருத்திக் கம்பி கட்டிப் பழகுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. கடிகாரத்தை வைத்து மாணவரைச் செய்ய வைத்து மதிப்பிடலாம். பயிற்சி மருத்துவராக இருக்கும் ஆண்டில் மீண்டும் ஒருமுறை சோதிக்கலாம். அரிதாகவே கைக்கு வரும் வேலை எளிதில் மறந்துபோகும்.

தொலைபேசியில் பதறும் தாய்க்கு எளிய தமிழில் வழிசொல்லும் திறனையும் தேர்வில் சோதிக்க வேண்டும். அந்த முதல் நிமிடங்கள் தாயின் கையிலோ உடற்கல்வி ஆசிரியரின் கையிலோதான் இருக்கின்றன. பக்கத்துப் பள்ளிகளுக்குச் சென்று ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுப்பதை மாணவரின் கட்டாயப் பணியாகவே ஆக்கலாம்.

இதில் மாணவரைக் குறை சொல்வது நேர்மையாகாது. செய்யக் கற்றுத்தராத ஒன்றுக்குத் தகுதிச் சான்று வழங்கும் கல்லூரியும், அதை ஏற்று முத்திரையிடும் பல்கலைக்கழகமுமே குற்றவாளிகள். பட்டத்தை நம்பி வாயைத் திறக்கும் குழந்தைக்கு இழைக்கப்படும் துரோகம் இது. எட்டு வயதில் முன்பல்லை இழந்தவர், தாடை வளர்ச்சி முடியும்வரை இம்பிளாண்ட் கூட வைக்க முடியாமல் பல்லாண்டு காத்திருக்க வேண்டும்.

1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்துக்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. பெயர்ப்பலகை மாறினால் போதாது. பல் காயச் சிகிச்சையைக் கையால் செய்துகாட்டாத எவருக்கும் பி.டி.எஸ். பட்டம் இல்லை என்ற விதி உடனே வர வேண்டும். அதுவரை தேர்வுத் தாளில் இடும் மதிப்பெண்ணைத் தகுதி என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எந்தக் கல்லூரிக்கும் கிடையாது.