பூட்டிய கைத்தொலைபேசி



பிள்ளை உறங்கிய பின் அதன் கைத்தொலைபேசியைத் திறந்து பார்ப்பது பாவமா எனத் தாய்மார் வினவுவதுண்டு. தம் அந்தரங்கத்தைக் காக்க ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமையை எவரும் மீறலாகாது என்கின்றது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 220ஆம் சட்டம். அங்கு பிள்ளைகளுக்கு விலக்கு ஏதுமில்லை.

எனினும், பெற்றோருக்குப் பாதுகாக்கும் கடமையும் உண்டு. பிள்ளை உண்ண மறுக்கின்றது. அழைப்பொலி கேட்டதும் நடுங்குகின்றது. அன்பாய் வினவியும் வாய் திறக்கவில்லை. அவ்வேளை திறந்து பார்ப்பது குற்றமன்று என்றே கருதுகின்றேன். வெறும் ஆவல் அதற்குப் போதாது. ஆபத்தைத் தேடுங்கள், அதற்கு அப்பால் வாசியாதீர்கள். தோழிக்கு உங்களைக் குறைகூறி எழுதியிருந்தால், அது உங்களுக்கு எழுதப்பட்டதன்று.

கணவன் மனைவியரின் நிலை வேறு. ஒருவர் மற்றவருக்குக் காவலர் அல்லர். உறங்குபவரின் விரலை வைத்துப் பூட்டைத் திறப்பது எளிது; முகம் பார்த்துக் கேட்பதே கடினம். கேளுங்கள்.

கண்டதை அயலாரிடம் உரைப்பது, அது உண்மையேயாயினும், புறங்கூறலாகும். பிள்ளைக்கு ஆபத்தெனக் கண்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்தை அழையுங்கள். திறந்து பார்த்ததைப் பிள்ளையிடமும் அன்றே சொல்லிவிடுங்கள்.